மெழுகுதிரி அணையாத கிணறு

காற்றில் இருக்கிற அளவில் காபனீரொட்சைட்டு என்ற கரியமில வாயு நஞ்சில்லை என்று எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் நின்று சொன்னவன் நான். அந்த வசனத்தில் பிழை இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அதைக் கேட்டுவிட்டு எழும்பிப் போனவர்களில் ஒருவர் மூன்று கிழமைக்குள் தன் தோட்டக் கிணற்றுக்குள் செத்துக் கிடந்தார். அவர் என் அக்காவின் கணவர். நான் அத்தான் என்று கூப்பிட்டவர்.

எங்கள் ஊர் இணுவிலுக்கும் தெல்லிப்பழைக்கும் இடையில் இருக்கிறது. மேலே செம்மண், கீழே சுண்ணக்கல், அதற்கும் கீழே தண்ணீர். வெங்காயமோ வாழையோ எதுவானாலும் கிணறு தந்தால்தான் உண்டு. அப்பா கூலிக்குக் கிணறு வெட்டப் போனவர். கல் தெறித்து ஒரு கண் மங்கியபிறகு நிறுத்திவிட்டார். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அக்கா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வெங்காயம் நடப் போனாள். உயர்தரம் படித்து, கம்பஸ் போய், இப்போது ஒரு அரச அலுவலகத்தில் கதிரையில் இருக்கிறவன் வீட்டில் நான் ஒருவன்தான்.

அதனால் வீட்டில் என் சொல்லுக்கு அதன் எடையைவிடக் கூடிய எடை இருந்தது. மருந்துத் துண்டு வந்தாலும் வங்கிப் படிவம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். அத்தான் எல்லோரையும்விட ஒரு படி மேல். பூச்சிமருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கிற எழுத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, நான் பதில் போடும்வரை மருந்து அடிக்காமல் தோட்டத்தில் நிற்பார்.

காலநிலை மாற்றம் பற்றி ஊர்களில் விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கச் சொல்லி அலுவலகத்தில் என்னிடம் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம் தந்தார்கள். முகப்பில் பூமிக்குக் கை கால் முளைத்து, அது வியர்த்துக்கொண்டு நின்றது. அதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. சூடு ஏன் தங்குகிறது என்பதை ஒழுங்காக விளங்கப்படுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. எல்லோரும் மரம் நடுவோம் என்று கைதட்டி முடிக்கிற கூட்டமாக அது இருக்கக்கூடாது. முதல் கூட்டத்தை எங்கள் ஊரிலேயே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். குடிக்கப் பிளேன்ரீ, கடிக்கப் பணிஸ். நாற்பது பேரளவில் வந்திருந்தார்கள்.

"உந்த ஓசோனிலை ஓட்டை விழுந்ததாலைதானே தம்பி வெயில் கூட?" என்று முன்னால் இருந்த ஒரு ஐயா தொடங்கினார்.

"இல்லை ஐயா, அது வேறை பிரச்சினை."

"வேறையோ? போன முறை வந்த பிள்ளை அதெண்டுதானே சொன்னது."

"என்ரை மனிசி சொல்லுறா, போன் ரவர் போட்டதாலையாம்," என்றார் ஒருவர்.

"உன்ரை மனிசி எல்லாத்துக்கும் ரவரைத்தான் சொல்லுவா. முருங்கை காய்க்காததுக்கும் ரவர்தான், நீ வீட்டை பிந்தி வாறதுக்கும் ரவர்தான்." இப்படிச் சொன்னவர் அத்தானின் பக்கத்துத் தோட்டக்காரர். அவர் இருக்கிற இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சம் இல்லை.

சிரிப்பு அடங்கியதும் நான் அவர்களிடமே கேட்டேன். தை மாதத்தில் வானம் வெளித்துக் கிடந்தால் பனி எப்படி? கொட்டும் என்றார்கள். மேகம் மூடிக் கிடந்தால்? பனி குறைவு, புழுக்கம் என்றார்கள். அதை அவர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. விடிய வெங்காயத்தாளைத் தொட்டுப் பார்க்கிறவர்கள். பகலில் வெயிலைக் குடித்த நிலம், அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத கதிராகத் திருப்பி மேலே விடுகிறது என்றேன். மேகம் அதில் ஒரு பங்கை வாங்கித் திரும்பக் கீழே அனுப்புகிறது. காபனீரொட்சைட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அதைக் கண்ணால் காண முடியாது, மழையாகப் பெய்து இறங்கிப் போகவும் மாட்டாது. அது வெயிலைக் கூட்டுவதில்லை. வந்த சூடு திரும்பிப் போவதைத்தான் மறிக்கிறது.

"காத்திலை அது மெத்தக் குறைவாம். துளிச் சாமான் என்னத்தைச் செய்யப்போகுது?"

"வேட்டி தோய்க்கேக்கை ஒரு வாளி தண்ணிக்கு எவ்வளவு நீலம் விடுவியள்?"

"ரண்டு சொட்டு."

"வாளித் தண்ணி முழுக்க நிறம் மாறுதெல்லே. வெயில் வெளிச்சத்துக்குக் காபனீரொட்சைட்டு நிறமில்லாத தண்ணி மாதிரி. நிலம் விடுற சூட்டுக்கு அது அந்த நீலம் மாதிரி."

முன்வரிசை ஐயா தலையாட்டினார். படித்ததில் ஒரு துண்டு வேறொருவரின் தலைக்குள் போய் இருப்பதைக் கண்ணால் கண்ட முதல் நாள் அது. எனக்குக் கொஞ்சம் தலைகால் தெரியவில்லை.

அப்போதுதான் பின்வரிசையில் அத்தான் எழும்பினார். கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்கிற ஆள் அல்ல. எனக்காக எழும்பினார் என்று நினைக்கிறேன்.

"மச்சான், கிணத்துக்குள்ளை இறங்க முதல் மெழுகுதிரி விட்டுப் பாக்கிறமே. அந்தக் கெட்ட காத்தும் உதுதானோ?"

"ஓம் அத்தான், அதுதான். காத்தைவிடப் பாரம், பள்ளத்திலை தங்கும். அளவுக்கு மிஞ்சினால் மெழுகுதிரியும் அணையும், ஆளுக்கும் ஆபத்து. ஆனா காத்திலை இருக்கிற அளவிலை அது நஞ்சில்லை. நாங்கள் விடுற மூச்சிலையும் அதுதான், சோடாப் போத்திலுக்குள்ளையும் அதுதான்."

"அப்ப எங்கடை தண்ணி இறைக்கிற மெசின் புகையிலை?"

"அதிலை வாறதும் அதுதான்."

"அப்ப என்ரை மெசினும் உலகத்தைச் சூடாக்குதெண்டுறாய்."

"உம்மடை மெசினோ?" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர். "பத்துத்தரம் இழுத்தாலும் அது ஸ்ராட் வராது. அது எங்கை உலகத்தைச் சூடாக்கிறது?"

மண்டபம் சிரித்தது, அத்தானும் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரிப்புக்கு நடுவே, மெசின் புகையில் வருகிற இன்னொரு வாயுவின் பெயர் என் வாய்வரை வந்தது. இன்றைய விடயம் அதுவல்ல, இரண்டையும் சொன்னால் ஆட்கள் குழம்பிவிடுவார்கள் என்று விழுங்கிக்கொண்டேன்.

பிறகு கோடை இறுகியது. நீர்மட்டம் கீழே போய், மேலே வைத்த மண்ணெண்ணெய் மெசின்கள் தண்ணீர் இழுக்க மறுத்தன. அப்படியான காலத்தில் மெசினைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இருக்கிற கல்லுப் படியில் இறக்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். புகை வெளியேற, மெசினின் புகைவாயில் தகரக் குழாய் பூட்டி அதைக் கிணற்றுக் கட்டுக்கு மேலே கொண்டுவந்து விடுவார்கள். ஏனென்று கேட்டால், புகை கண்ணை எரிக்கும் என்பார்கள்.

அத்தான் கிணற்றுக்குள் இறங்கிய அன்று நடந்ததை அக்கா எனக்குச் சொன்னது செத்தவீடு முடிந்து இரண்டாம் நாள். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

"குழாய் இத்துப்போச்சு, புதுசு வாங்கிக்கொண்டு வந்து இறக்குங்கோ எண்டனான். 'உம்மடை தம்பி சொன்னதைக் கேக்கேல்லையே, மூச்சிலை வாற சாமான்தான் அது. வெங்காயம் வாடுது, பின்னேரம் வாங்குவம்' எண்டார். மெசின் கொஞ்ச நேரம் ஓடினாப்பிறகு சத்தம் மாறிச்சுது. இறங்கிப் பாக்கிறன் எண்டார். சும்மா இறங்கேல்லை. மெழுகுதிரியைத் தகரப் பேணிக்குள்ளை வைச்சுக் கயித்திலை விட்டவர். அது வடிவா எரிஞ்சது. 'இஞ்சை பாரும், ஆடக்கூட இல்லை' எண்டு எனக்குக் காட்டிப்போட்டுத்தான் இறங்கினவர்."

அக்கா தண்ணீர் மாற, பாத்தி பாத்தியாக வாய்க்காலைத் திருப்பிவிடப் போயிருக்கிறாள். வாய்க்காலில் தண்ணீர் நிற்காமல் வந்தது. மெசின் ஒழுங்காக ஓடுகிறது, அவர் அதைத் திருத்திவிட்டார் என்று நினைத்தாள். ஒன்பது பாத்திக்குத் தண்ணீர் மாறினாள். ஆள் மேலே வரவில்லையே என்ற எண்ணம் பத்தாவது பாத்தியில்தான் வந்தது.

அவள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரர்தான் முதலில் ஓடிவந்தார். நாலைந்து படி இறங்கியதும் அவருக்குத் தலை சுற்றியது, ஏறிவிட்டார். மற்றவர்கள் வந்து, மேலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி மெசினை நிறுத்தினார்கள். வேப்பங்கொப்புகளைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் அடித்துக் காற்றை மாற்றினார்கள். பிறகு ஒருவர் இடுப்பில் கயிற்றோடு இறங்கினார். தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே எல்லாம் முடிந்திருந்தது. நான் அலுவலகத்திலிருந்து நேரே அங்கே போனேன்.

அத்தானின் உதடும் நகங்களும் உயிரோடு இருந்தபோது இருந்ததைவிடச் சிவந்திருந்தன. "நித்திரை மாதிரிக் கிடக்கிறான்" என்று யாரோ அழுதார்கள். எனக்கு மட்டும் அது நித்திரையாகத் தெரியவில்லை. அந்தச் சிவப்பை நான் உயர்தரப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். எண்ணெய் சரியாக எரியாதபோது வருகிற இன்னொரு வாயு, காபனோரொட்சைட்டு, இரத்தத்தில் ஒட்டிக்கொண்டு ஒட்சிசனை ஏறவிடாது, உடம்பு சிவந்து போகும் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன்.

மரண விசாரணையில் வாயு தாக்கி மரணம் என்று முடிந்தது. எந்த வாயு என்பதை ஊர் தானே முடிவு செய்துகொண்டது. ஊருக்குத் தெரிந்த வாயு ஒன்றுதான், அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

செத்தவீட்டுப் பந்தலில் பக்கத்துத் தோட்டக்காரர் என் பக்கத்தில் வந்து இருந்தார். "தம்பி, நான் சொல்லுறனெண்டு குறை நினைக்கக்கூடாது. அண்டைக்கு நீர் நல்ல வடிவாத்தான் விளங்கப்படுத்தினனீர். ஆனா உந்தக் காபனீரொட்சைட்டு நஞ்சுதான். புத்தகத்திலைதான் எங்கையோ பிழை விட்டிட்டாங்கள்."

நான் அவரைத் திருத்தவில்லை. உண்மையை எழுதுவதென்றால் இதையும் எழுத வேண்டும்: அந்த நேரம் எனக்கு ஆறுதலாக இருந்தது. குற்றம் புத்தகத்துக்குப் போனது. அதோடு, நஞ்சென்று பயந்தாவது ஆட்கள் கவனமாக இருப்பார்கள், இருக்கட்டும் என்று ஒரு நியாயமும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சில நாளில் அக்காவின் வெங்காயத்தைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். பக்கத்துத் தோட்டத்தில் மெசின் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. எட்டிப் பார்த்தேன். படியில் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் இல்லை. கிணற்றுக் கட்டில் கயிறு கட்டிய பேணி, அதற்குள் பாதி எரிந்த மெழுகுதிரி.

"அண்ணை, குழாய் எங்கை?"

"குழாய் என்னத்துக்கு? நான் மெழுகுதிரி விட்டுப் பாக்காமல் ஒரு நாளும் இறங்கிறேல்லை. உம்மடை அத்தான் பாவம், அவதி அவசரத்திலை விடாமல் இறங்கியிருப்பார்."

"அவரும் விட்டவர் அண்ணை. மெழுகுதிரி எரிஞ்சதாம்."

"எரிஞ்சா ஆள் ஏன் சாகுது? நீர்தானே அண்டைக்குச் சொன்னனீர், உந்த வாயு இருந்தா அணையுமெண்டு." என்னில் இரக்கப்பட்டதுபோல் தோளில் தட்டினார். "உம்மடை கொக்கா மனக் கவலையிலை ஏதோ சொல்லுறா. விடும்."

அவர் என் முன்னாலேயே மெசினை நிறுத்தினார். இல்லாவிட்டால் நான் போகமாட்டேன் என்று நின்றேன், அதற்காக. ஆனால் அடுத்த நாள் நான் நிற்கப்போவதில்லை. அந்தச் சுற்றுவட்டத்தில் எத்தனை மெசின்கள் இறங்கியிருக்கின்றன என்பதை நடந்து பார்த்தேன். ஏழு. குழாய் பூட்டியவை மூன்று. மற்ற நாலு கிணற்றிலும் மெழுகுதிரிப் பேணி இருந்தது. நான் சொல்லிக் கொடுத்ததை அவர்கள் கவனமாகத்தான் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு காரியம் செய்ய வேண்டியிருந்தது. மெழுகுதிரிக்குத் தெரியாத வாயு ஒன்று இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதை ஊர் நம்ப, மெழுகுதிரி எரிந்ததைக் கண்ட ஒரே ஆள் வாய் திறக்க வேண்டும்.

அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அத்தானைக் கொன்றது எது என்பதையும், அது காபனீரொட்சைட்டு அல்ல என்பதையும் சொன்னேன். பக்கத்துத் தோட்டக்காரரின் பேணியைப் பற்றியும் சொன்னேன். அவள் பானையை இறக்கி வைத்தாள்.

"நான் சனத்துக்கு முன்னாலை வந்து கதைக்கோணுமோ?"

"எரிஞ்சதெண்டு மட்டும் சொன்னாப் போதும்."

"எப்ப கூட்டம்?"

"நாளைக்குப் பின்னேரம்."

அவள் பானையைத் தூக்கி மிச்சக் கஞ்சியை வடித்தாள்.

அடுத்த நாள் கூட்டத்தில் பிளேன்ரீ இல்லை, பணிஸ் இல்லை. போன முறையைவிடக் கூடச் சனம். அக்கா வெள்ளைச் சேலையோடு வாசலில் நின்றாள், உள்ளே வந்து இருக்கவில்லை. நான் தொடங்க முன்னரே அவள் கதைத்தாள். குரல் உயரவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"இவர் மெழுகுதிரி விடாமல் இறங்கினவர் எண்டு கதைக்கிறியளாம். விட்டவர். எரிஞ்சது. நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான்."

பக்கத்துத் தோட்டக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வாயில் அன்று பகிடி வரவில்லை.

நான் சொன்னேன். மெசின் புகையில் காபனீரொட்சைட்டோடு இன்னொரு வாயுவும் வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மெழுகுதிரி அதற்குள்ளும் நின்று எரியும். அத்தானைக் கொன்றது அது.

"அப்ப காபனீரொட்சைட்டு இல்லையோ?" என்று முன்வரிசை ஐயா கேட்டார்.

"இல்லை ஐயா."

"அப்ப நீர் முதல் கூட்டத்திலை சொன்னது சரிதானே. நாங்கள்தான் புத்தகத்திலை பிழையெண்டு கதைச்சுக்கொண்டு திரிஞ்சம்."

அவர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

"சரியெண்டு சொல்லாதேங்கோ," என்றாள் அக்கா.

மண்டபம் அவள் பக்கம் திரும்பியது. அவள் என்னைப் பார்த்தாள்.

"உந்த மற்ற வாயுவை நீ எப்ப படிச்சனீ?"

"உயர்தரத்திலை."

"அண்டைக்கு அவர் எழும்பி மெசின் புகையைக் கேக்கேக்கை, அது உனக்கு ஞாபகம் வந்ததோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. நாற்பது வசனத்தில் ஒரு வசனம் மறந்து போவது மனித இயல்பு என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். அவளும் ஏற்றுக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

"வந்தது," என்றேன்.

"வந்துமோ?"

"ஓம். ஆக்கள் குழம்புவினம் எண்டு விட்டிட்டன்."

யாரோ கதிரையை நகர்த்தினார்கள். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையை எடுத்துவிட்டு, பிள்ளைக்கு வேலை சொல்வதுபோலச் சொன்னாள்.

"சரி. மிச்சத்தையும் இப்பவே சொல்லு. ஆக்கள் இருக்கினம்."

சொன்னேன். குழாய் பூட்டாமல் மெசினை இறக்கக்கூடாது. குழாய் இருந்தாலும் மெசின் ஓடும்போது இறங்கக்கூடாது. நிறுத்தின உடனேயும் இறங்கக்கூடாது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், எவ்வளவு நெருங்கின ஆளானாலும், பின்னால் குதிக்கக்கூடாது. முதலில் மெசினை நிறுத்த வேண்டும், கொப்பு அடித்துக் காற்றை மாற்ற வேண்டும், இடுப்பில் கயிறு வேண்டும். யாரும் தண்ணீர் கொண்டுவந்து தரவில்லை, அதுவும் சரிதான். சூட்டைப் பற்றி, பனியைப் பற்றி, நீலத்தைப் பற்றி அன்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவுமில்லை.

முடிந்து வெளியே வந்தபோது பக்கத்துத் தோட்டக்காரர் சைக்கிளில் ஏறிவிட்டார். இருட்ட முன்னம் மெசினை மேலே தூக்கவேணும், ரண்டு பேர் வாங்கோ என்று கூப்பிட்டார். மூன்று பேர் போனார்கள். நானும் வாறன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லைத் தம்பி, நீர் கொக்காவோடை போம்," என்றார்.

ஒழுங்கையின் முடக்கில் அக்கா போய்க்கொண்டிருந்தாள். நான் கெதியாக நடந்தேன். அவளுக்கு என் செருப்புச் சத்தம் கேட்டிருக்கும். அவள் நிற்கவுமில்லை, நடையைக் கூட்டவுமில்லை. வீட்டுப் படலை வரைக்கும் நான் அவளுக்கு நாலடி பின்னால் போனேன். உள்ளே போனவள் படலையைச் சாத்தவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.